காற்றைச் சேர்க்காத கணக்கு

“காற்றின் தடையைப் புறக்கணிக்கவும்” என்று மகள் எறிபொருள் கணக்கைச் சத்தமாக வாசித்தாள். ராஜபாளையத்தில் எங்கள் அடுப்படி ஓடு உடைந்த மத்தியானத்தின் செம்மண் தூசி மூக்கில் ஏறியது.

அப்போது நான் பிளஸ் ஒன். கூரையைத் துளைத்துக்கொண்டு விழுந்த கல் தரை சிமெண்டையும் பெயர்த்திருந்தது. அம்மா எதிர்வீட்டைக் கைகாட்டினாள்.

“ஏட்டி, எஸ்தர் வீட்டு வேலைதான் இது. இனி அவகூடப் பேசாத.”

எஸ்தரும் நானும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கு ஒன்றாக டியூஷன் போகிறவர்கள். மறுநாள் பஸ்ஸில் அவள் முன் சீட்டில், நான் பின் சீட்டில்.

எந்நேரமும் கல்லெறிந்து விளையாடும் அவள் தம்பி மேல் எனக்கும் சந்தேகம்தான். நிரூபித்துவிடலாம் என்று, ஓடு உடைந்த இடத்திலிருந்து கல் கட்டிய நூலைத் தொங்கவிட்டேன். அது தரைப் பள்ளத்தை ஏறக்குறையத் தொட்டது. கல் நேராக விழுந்திருக்கிறது. எதிர்வீட்டிலிருந்து எறிந்து அப்படி விழ, அது தென்னை உயரம் போயிருக்க வேண்டும். எங்கள் புறவாசலில் நின்று மேலே எறிந்தால் அவ்வளவு வேண்டாம். அன்று புறவாசலில் வத்தல் காயப்போட்டு, கல்லெறிந்து குரங்கு விரட்டியது அம்மா மட்டும்தான்.

கல் வந்த வழியைப் படமாக வரைந்த நோட்டை அம்மாவிடம் நீட்டினேன். ஐந்தாம் வகுப்பைத் தாண்டாத அம்மா, படத்தைச் செத்த நேரம் பார்த்தாள்.

“அன்னைக்குக் காத்து எம்புட்டு அடிச்சுது, அதச் சேத்தியா?”

சேர்க்கவில்லை. எஸ்தரிடம் எதையும் சொல்லவுமில்லை.

இப்போது மகள் காற்றின் தடை வரியை மறுபடி வாசித்தாள். கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த அம்மா நிமிரவில்லை. பக்கம் புரளும் சத்தம் மட்டும் நின்றுவிட்டது.