பத்து ரூபாய்க்குப் போன ஹாக்கி மட்டை

என் சித்தி பிற்காலத்தில் பல ஆண்டுகள் இந்தியாவுக்காக ஹாக்கி ஆடினாள். ஜெர்மனியின் குளிரிலும் ஆஸ்திரேலியாவின் வெயிலிலும் எதிரணியைக் கோல் வட்டத்துக்குள் விடாமல் மறித்து நின்றாள். அவ்வளவும் கருங்கல் என்கிற ஊருக்குப் பக்கத்தில், எங்கள் ஊர் அந்தோணியார் கோயில் முற்றத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், ஒரு சேவலுக்கும் ஒரு பலாப்பழத்துக்கும் நடுவில் முடிந்துபோயிருக்கும்.

2004-இல் எனக்குப் பத்து வயது. சித்திக்கு இருபது. அந்த ஆண்டு அவளுடைய முழங்கால் வீங்கி மூன்று மாதம் கட்டிலில் கிடந்தாள். அம்மா யாரிடமும் சொல்லாமல் அந்தோணியாருக்கு நேர்ந்துகொண்டாள். கால் சரியானது. பெங்களூரில் இந்திய அணிக்கான முகாமுக்கு வரச்சொல்லிக் கடிதமும் வந்தது. ரயிலேற இரண்டே நாள் இருக்கையில்தான் அம்மா மெல்ல வாயைத் திறந்தாள். அவள் நேர்ந்திருந்தது சித்தியின் ஹாக்கி மட்டையை.

"எனக்க ஸ்டிக்க நேர்றதுக்கு நீ யாரு? ஒரு கோழிய நேர்ந்திருக்கப்பிடாதா?"

"கோழியவா நீ ராவும் பகலும் கெட்டிப்பிடிச்சிட்டுக் கெடந்த? உசிரா இருக்கதத்தான் குடுக்கணும். காலு நடக்குதா இல்லியா, அத மொதல்ல சொல்லு."

கால் நடந்தது.

நேர்ந்த பொருளுக்கு மாற்று கிடையாது. கோயிலில் வைத்தே ஆகவேண்டும். வைத்ததை ஞாயிறு பூசை முடிந்ததும் முற்றத்தில் ஏலம் விடுவார்கள். வைத்தவரும் கேட்கலாம், ஊராரும் கேட்கலாம், கூடுதல் கேட்டவருக்கே பொருள். விளையாட்டு விடுதியில் மூத்த வீராங்கனை ஒருத்தி கொடுத்துவிட்டுப் போன மட்டை அது. நான்கு வருடம் பிடித்துப் பிடித்துச் சித்தியின் உள்ளங்கையோடு பழகியிருந்தது. அதுபோல் இன்னொன்று கருங்கல் சந்தையிலும் இல்லை, வடசேரிக் கடைத்தெருவிலும் இல்லை. அப்பா ரப்பர் பால் வெட்டப் போகிறவர். போட்டிக்கு ஏலம் கேட்கும் வீடல்ல எங்களுடையது. பக்கத்து வீட்டு அண்ணனோ துபாயிலிருந்து லீவுக்கு வந்திருந்தார். "அத நான் எடுத்து ஹாலில மாட்டப் போறேன்" என்று முந்தின நாளே சொல்லித் திரிந்தார். சித்தி அன்று சோற்றைத் தொடவில்லை.

ஏலம் விட்டவர் கோயில் உபதேசியார். சிரித்து யாரும் பார்த்திராத மனிதர். சேவலுக்கு இரண்டு பேர் தொண்டை கிழியக் கத்தி, அடிதடிக்குக் கொஞ்சம் முன்னால் நின்றார்கள். அடுத்து அவர் மட்டையை எடுத்தார். வளைவு மேலே வரும்படித் தலைகீழாகக் கைத்தடிபோல் ஊன்றிக்கொண்டார்.

"பத்து ரூபா" என்றாள் சித்தி. குரல் அவளுக்கே கேட்டிருக்காது.

"பத்து ரூபா, ஒரு தரம்!"

முற்றம் அடங்கிவிட்டது. சேவலுக்குக் கத்தியவர்கள் தென்னை மரத்தை அண்ணாந்து பார்த்தார்கள். பெண்கள் முக்காட்டைச் சரிசெய்தார்கள். துபாய் அண்ணன் வாயைத் திறந்தார். பக்கத்தில் நின்ற அவருடைய அம்மா அவர் காலை ஓங்கி மிதித்தாள். அவர் இருமினார்.

"ரெண்டு தரம்!"

என் காது சுட்டது. சேவலுக்கு இருந்த மதிப்பு என் சித்தியின் மட்டைக்கு இல்லையா? கொண்டையும் வாலும் இருந்தால்தான் கேட்பார்களா?

"இருவது!" என்று கத்திவிட்டேன்.

அம்மா என் வாயைப் பொத்துவதற்குள் சொல் முற்றத்தைத் தாண்டியிருந்தது. சித்தியின் முகம் வெளுத்தது. கேட்ட விலை கேட்ட விலைதான். அதற்குமேல் இன்னொருவர் கேட்டால் மட்டை போயிற்று. துபாய் அண்ணன் மறுபடி நிமிர்ந்தார். உபதேசியார் என்னைப் பார்த்தார். பிறகு தென்னையைப் பார்த்தார்.

"இஞ்ச காக்கா கத்துற பெகளம் கூடிப்போச்சு. பத்து ரூபா, மூணு தரம்! கொண்டு போ மக்கா."

முற்றமே சிரித்தது. சித்தி மட்டையை வாங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அப்படியே மணலில் உட்கார்ந்து அழுதாள். அழுகை முடியுமுன்பே சிரித்தாள். அம்மா மூச்சை நீளமாக விட்டு, மூன்று தடவை சிலுவை போட்டுக்கொண்டாள். எனக்கு மட்டும் ஆறவில்லை. காக்கா என்றுவிட்டாரே!

"பாத்தியா சித்தி, இந்த ஊருல ஒருத்தருக்கும் நம்ம மட்டை வேண்டாம்" என்றேன், வீட்டுக்கு நடக்கும்போது.

"வேண்டாம் ஏட்டி, ஒருத்தருக்கும் வேண்டாம்" என்று ஈர முகத்தை என் கன்னத்தில் வைத்துத் தேய்த்தாள். பாவம், அவமானத்தில் புத்தி கலங்கிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

இரண்டு வருடம் கழித்து அவள் ஆடிய ஆட்டம் டிவியில் வந்தது. துபாய் அண்ணன் வீட்டில் ஊரே கூடியிருந்தது. கோலுக்குள் போகவிருந்த பந்தைச் சித்தி குறுக்கே பாய்ந்து மட்டையால் தள்ளியபோது, உபதேசியார் நாற்காலி கவிழ எழுந்தார்.

"நம்மளுக்க ஸ்டிக்கு!" என்று கூவினார்.

எல்லோரும் கூவினார்கள். நான் விருட்டென்று எழுந்து வெளியே வந்துவிட்டேன். அன்றைக்கு ஒருத்தர்கூட வாயைத் திறக்கவில்லை, இன்றைக்கு நம்மளுக்க ஸ்டிக்காம்!