மொக்கு வலையைக் கழற்றச் சொன்ன 'விவசாயி'

காலையில் கம்பெனி பஸ்ஸில் என் பக்கத்து சீட் மஞ்சு, போனில் மனைவியிடம் கன்னடத்தில் கத்திக்கொண்டிருந்தான். ரோஜா மொக்குகளுக்கு மாட்டிய வலையை எல்லாம் கழற்றச் சொல்கிறான்!

தளியில் ரோஜாத் தோட்டம் வைத்திருப்பவன் பேசுகிற பேச்சா இது? மொக்கு சீக்கிரம் விரியாமல் பெரிதாக வளரத்தானே அந்த வலை? விரிந்த பூவை ஏற்றுமதி வியாபாரி தொடவே மாட்டாரே!

"எவன்டா சொன்னது?"

"பெரிய வெவசாயிண்ணா. வீடியோல சொன்னாரு."

வாங்கிப் பார்த்தேன். முட்டைக்கோஸ் அளவுக்கு ரோஜா. தண்டில் ஒரு முள்கூட இல்லை. அந்த ஆளே ஏ.ஐ. செய்த ஆள்.

"இப்படி ஒரு மனுசனே கெடையாதுடா. மொதல்ல வீட்டுக்குப் போன் போடு!"

போட்டான். அதற்குள் ஒரு வரிசை முழுக்க வலையைக் கழற்றியாகிவிட்டது.

எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை. கெலமங்கலத்தில் நிஜமாகவே ரோஜா வளர்க்கிற அக்கா ஒருவர் வருடக்கணக்காக வீடியோ போட்டார். இந்தக் குப்பைக்கு நடுவே அவர் வீடியோ யார் கண்ணிலும் படாமல் போனது. இப்போது தன்னைப் போன்றவர்களோடு சேர்ந்து சொந்தமாகவே ஒரு வீடியோ தளம் நடத்துகிறார்.

"அதப் பாருடா" என்றேன்.

"அதுக்கு மாசாமாசம் காசு கட்டணுமேண்ணா. இது ஃப்ரீ."

ஒரு வரிசை ரோஜா போன பிறகும் ஃப்ரீயாம்!

நான் வாயைத் திறப்பதற்குள் அடுத்த வீடியோ தானாக ஓடியது. அதே முகம், அதே மீசை. இப்போது வெள்ளைக் கோட்டு போட்டுக்கொண்டு, சர்க்கரை மாத்திரையை நிறுத்தச் சொல்கிறார்.

உங்கள் வீட்டுப் போனில் இவர் என்ன வேலை பார்க்கிறார்?