ஊர் ஓட்டக்காரருக்கு நாலு இடம்

சுவிஸ் நாட்டின் பாடன் நகரில் பிறந்து வளர்ந்த யதுஷா, பதினாறு வயதில் ஓர் இயந்திரத் தொழிற்சாலையில் இயந்திரப் பாகங்கள் கடையும் பொலிமெக்கானிக் தொழில் பழகச் சேர்ந்தாள். அது 2010ஆம் ஆண்டு. அந்தப் பட்டறையில் அவள் ஒருத்திதான் பெண். அவளுடைய தகப்பன் யோகராஜா தபால் பிரிக்கும் நிலையத்தில் வேலை செய்தார். தாய் சிவகலாவுக்கு முதியோர் இல்லமொன்றின் சமையலறையில் வேலை. மகள் வங்கியில் சேருவாள் என்று இருவரும் நினைத்திருந்தார்கள். அவளோ முதல் நாளே நகக்கண்ணெல்லாம் எண்ணெய் அழுக்கோடு வீட்டுக்கு வந்து, சாப்பாட்டு மேசையில் தான் கடைந்த இரும்புத்துண்டை வைத்துக் காட்டினாள்.

மூன்றாம் வருடம் பக்கத்து இயந்திரத்தில் வேலை செய்த ஹான்ஸ்யோர்க், வளைந்துபோன ஓர் அச்சைக் கொண்டுவந்து, இதுபோல ஒன்று செய்து தர முடியுமா என்று கேட்டான். அவனுடைய பந்தய மோட்டார் சைக்கிளின் அச்சு அது. யதுஷா செய்து கொடுத்தாள். அவன் நன்றிக்குப் பந்தயத்துக்கான ஒரு நுழைவுச்சீட்டைக் கொடுத்தான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சோலோதுர்ன் நகருக்கு அப்பால் ஒரு விவசாயியின் புல்வெளியில் பந்தயம். வைக்கோல் கட்டுகளை அடுக்கி வட்டமாகப் பாதை போட்டிருந்தார்கள். வண்டிகள் முழு வேகத்தில் வளைவுக்குள் வந்தன. பின்சில்லு வெளிப்பக்கமாக வழுக்க, முன்சில்லு வலப்பக்கம் திரும்பியிருக்க, வண்டி மட்டும் இடப்பக்கமாக வளைந்து போனது. ஓட்டியவர்கள் இடது காலை மண்ணில் தேய்த்துக்கொண்டு, விழுகிறவர்கள்போலச் சரிந்து, விழாமல் போனார்கள். யதுஷாவுக்கு மேலெல்லாம் மண். அவள் தட்டிக்கூட விடவில்லை.

இரண்டு மாதத்தில் ஹான்ஸ்யோர்க்கின் பழைய வண்டியில் பழகத் தொடங்கினாள். வீட்டில் சொல்லவேண்டி வந்தது.

"பிறேக் இல்லையோ?" என்றார் யோகராஜா.

"இல்லை அப்பா. இந்த வண்டியளுக்குப் பிறேக் வைக்கிறேல்லை."

"அப்ப எப்பிடியடி நிப்பாட்டிறது?"

"ஓட்டம் முடியுமட்டும் நிப்பாட்டத் தேவையில்லை."

யோகராஜா மனைவியைப் பார்த்தார். சிவகலா, "என்னைப் பாக்காதேங்கோ. பிடிவாதம் உங்கட பக்கத்தால வந்தது" என்று சொல்லிவிட்டுக் கோப்பையைக் கழுவப் போய்விட்டாள்.

ஒருமுறை விழுந்து தோள்பட்டை எலும்பு வெடித்தது. ஆறு கிழமை கட்டோடு இருந்தாள். கட்டு அவிழ்ந்த மறுகிழமை ஜெர்மன் எல்லையைக் கடந்துபோய், மண்பாதையில் ஓடும் ஸ்பீட்வே வண்டியில் ஏறினாள். ஸ்பீட்வேயில் நாலு பேர், நாலு சுற்று, ஒரு நிமிடத்தில் எல்லாம் முடிந்துவிடும். அந்த ஒரு நிமிடம் அவளுக்குப் புல்வெளியைவிடப் பிடித்துப் போனது.

ஆனால் சுவிஸில் ஸ்பீட்வேக்கு லீக் கிடையாது. புல்வெளிப் பந்தயமும் வருடத்தில் இரண்டோ மூன்றோதான். இங்கிலாந்தில் கோடைகாலம் முழுக்க, கிழமைக்குக் கிழமை லீக் போட்டி நடக்கிறது என்று அறிந்ததும், 2016 தொடக்கத்தில் பதினொரு கழகங்களுக்கு எழுதினாள். ஒருவர் மட்டும் தொலைபேசியில் கூப்பிட்டார். இங்கிலாந்தின் கிழக்குப் பக்கத்துச் சிறு நகரமொன்றின் அணி மேலாளர் அவர். ஒளிவுமறைவில்லாத மனிதர்.

அவர் விளக்கியது இதுதான். ஒவ்வோர் ஓட்டக்காரருக்கும் ஒரு சராசரிப் புள்ளி உண்டு. அணியின் மொத்தச் சராசரி ஒரு வரம்பைத் தாண்டக்கூடாது. உள்நாட்டில் பழகி வருகிற புதியவர்களுக்குச் சராசரியைக் குறைத்துப் போடுவார்கள். அதனால் அவர்களுக்கு அணியில் ஓர் இடம் தேறும். வெளிநாட்டிலிருந்து வருகிற புதியவருக்கு, ஓடிப் பார்க்கும் முன்னரே பெரிய சராசரி எழுதப்பட்டுவிடும்.

"உன்னைச் சேர்த்தால் நல்ல ஓட்டக்காரர் ஒருவரை நான் வெளியே விடவேண்டும்" என்றார். "எங்கள் பிள்ளைகளுக்காகச் செய்த விதி அது. குறை சொல்லமாட்டேன். ஆனால் போட்டி முடிந்த பிறகு பழகுநர்களுக்குச் சில ஓட்டங்கள் வைக்கிறோம். அதில் ஓட விருப்பமென்றால் வா."

யதுஷா சம்பளமில்லாத விடுமுறை ஆறு கிழமை எடுத்தாள். அந்த நகரத்திலிருந்து ஒருமணிநேரத் தூரத்தில் அவளுடைய பெரியம்மா வீடு இருந்தது. பெரியப்பா தவச்செல்வன் அங்கே மளிகைக்கடை வைத்திருந்தார். மோட்டார் பந்தயம் என்றால் தொலைக்காட்சியை நிறுத்திவிட்டு எழும்பிப் போகிற மனிதர். கடைச்சாமான் ஏற்றும் வானில் வண்டியை ஏற்றிக்கொண்டு, முதல் நாள் அவர்தான் கூட்டிக்கொண்டு போனார்.

அன்று அறிவிப்பாளர் ஒலிபெருக்கியில், "வெள்ளைத் தலைக்கவசத்தில் சுவிஸ் நாட்டுப் பெண் யதுஷா!" என்றார். சனம் கை தட்டியது. யதுஷா தொடக்கக் கோட்டில் ஒரு கணம் திகைத்தாள். பாடனில் பிறந்த அவளைச் சுவிஸ்காரி என்று ஒரு கூட்டத்துக்கு முன்னால் யாரும் சொன்னதில்லை. அங்கே முதலில் பெயரைக் கேட்பார்கள். அடுத்தது, உண்மையில் எந்த நாடு என்று கேட்பார்கள். இங்கே ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. அந்த யோசனையில் புறப்பாட்டைத் தவறவிட்டுக் கடைசியாக வந்தாள்.

இரண்டாம் கிழமையும் கடைசி. மூன்றாம் கிழமை கடைசிக்கு முன்னால். தவச்செல்வன் வானை ஓட்டிக்கொண்டு வரும்போது, "பிள்ளை, நீ வளைவுக்குள்ள போகேக்கை பயந்து வேகத்தை விடுறாய்" என்றார்.

"பெரியப்பா, உங்களுக்கு இது பிடிக்காதெண்டெல்லோ பெரியம்மா சொன்னவா?"

"பிடிக்காதுதான். ஆனால் தோக்கிறது அதைவிடப் பிடிக்காது."

நாலாம் கிழமையிலிருந்து அவர் ஒரு பெட்டி நிறையப் பொரித்த ரோல்ஸ் கொண்டுவந்து வண்டிகள் நிற்கும் இடத்தில் எல்லோருக்கும் கொடுத்தார். எதிரணி மெக்கானிக்குகளும் வந்து எடுத்துக்கொண்டு போனார்கள்.

அந்த இடத்தில்தான் யதுஷா ஜோஷைக் கண்டாள். பத்தொன்பது வயது, சுவருக்குச் சாந்து பூசுகிற வேலை, அந்த ஊர்க்காரன். ஐந்தாம் கிழமை அணியில் ஒருவருக்குக் கை முறிந்தது. அந்த இடத்துக்கு ஜோஷைக் கூப்பிட்டார்கள். அவனுடைய மெக்கானிக் வராததால் யதுஷாவே சங்கிலியை மாற்றி, சில்லைப் பூட்டிக் கொடுத்தாள். முதல் ஓட்டத்தில் விழுந்தான். இரண்டாவதில் கடைசி. மூன்றாவதில், கடைசி வளைவில் டென்மார்க்காரன் ஒருவனை உட்புறத்தால் முந்தி, மூன்றாம் இடத்துக்குரிய ஒரேயொரு புள்ளியை எடுத்தான்.

அரங்கமே எழும்பிவிட்டது. அன்று பத்துக்கு மேல் புள்ளி எடுத்த இரண்டுபேருக்கும் அவ்வளவு கைதட்டல் கிடைக்கவில்லை. ஜோஷ் திரும்பி வந்து தலைக்கவசத்தைக் கழற்றியபோது முகமெல்லாம் மண்ணும் சிரிப்புமாக இருந்தது.

"எவ்வளவு காலமாக இதற்குக் காத்திருந்தாய்?" என்று கேட்டாள்.

"காத்திருக்கவில்லை" என்றான் அவன். "நாலு வருடமாகச் சனிக்கிழமை காலையில் கழகம் எங்களுக்கு இந்தப் பாதையைத் திறந்துவிடுகிறது. ஆறுபேர் ஓடுகிறோம். யாருக்கு இடம் வந்தாலும் தயாராக இருக்கவேண்டும், அவ்வளவுதான்."

ஆறாம் கிழமை யதுஷா பழகுநர் ஓட்டமொன்றில் முதலாவதாக வந்தாள். தவச்செல்வன் வேலிக்கு மேலால் ஏறப் பார்த்து, காவலாளியிடம் பேச்சு வாங்கினார். சுவிஸுக்கு விமானம் ஏறும்போது அவள் மனதில் இருந்தது அந்த வெற்றியைவிடச் சனிக்கிழமைக் காலைகள்தான்.

அந்தக் குளிர்காலத்தில், சோலோதுர்ன் பக்கத்துப் புல்வெளிக் கழகத்தின் கூட்டத்துக்குப் போனாள். ஒரு சாப்பாட்டுக்கடையின் பின்அறையில் பன்னிரண்டு பேர் இருந்தார்கள். தலைவர் வால்ட்டர், பந்தயம் நடக்கும் புல்வெளிக்குச் சொந்தக்காரர். கழகத்தின் ஆண்டுப் பந்தயத்துக்கு ஜெர்மனி, பிரான்ஸ், ஒல்லாந்து, இங்கிலாந்து என்று எல்லா இடமிருந்தும் ஓட்டக்காரரை அழைப்பார்கள். ஹான்ஸ்யோர்க்குக்கு முழங்கால் கெட்டபிறகு, உள்ளூரில் இருந்து ஓட ஆளில்லை. யதுஷாவுக்கும் இடம் தந்ததில்லை.

அவள் எழும்பி, ஆண்டுப் பந்தயத்தில் நாலு இடம் இந்நாட்டு ஓட்டக்காரருக்கு ஒதுக்கவேண்டும் என்றாள்.

"கொடுக்கலாம்" என்றார் வால்ட்டர். "யாருக்கு? ஆள் இல்லாததால்தான் இடம் இல்லை."

"இடம் இல்லாததால்தான் ஆள் இல்லை" என்றாள் யதுஷா.

பின்னால் இருந்து ஹான்ஸ்யோர்க் சிரித்துவிட்டான். வால்ட்டர் சிரிக்கவில்லை; ஆனால் யோசித்தார். அடுத்த கோடையில் ஆறு சனிக்கிழமை புல்வெளியைத் திறந்துவிடுகிறேன், நாலு பேரைத் தயாராக்கிக் காட்டு, பிறகு கதைப்போம் என்றார்.

முதல் சனிக்கிழமை மூன்று பேர் வந்தார்கள். கூரை போடுகிற ஒருவன், பால்பண்ணைச் சகோதரர் இருவர். மூன்றாம் சனிக்கிழமை கொறினா என்ற ஆஸ்பத்திரித் தாதி வந்தாள். இரவு வேலை முடித்து நேரே வந்து, தூக்கக் கண்ணோடு வண்டியில் ஏறி, எல்லோரையும் முந்தினாள். சிவகலா கொத்துரொட்டி செய்து கொண்டுவந்தாள். வந்தவர்களில் பாதிப்பேர் அதற்காகவே வருகிறார்கள் என்று ஹான்ஸ்யோர்க் பகிடி பண்ணினான். யோகராஜா புல்வெளி ஓரத்தில் கொடியோடு நின்றார். விழுந்தவர் எழும்பும்வரை கொடியை இறக்கமாட்டார்.

2018 ஆண்டுப் பந்தயத்தில் முதல்முறையாக நாலு இடம் கிடைத்தது. யதுஷா, கொறினா, சகோதரர் இருவர். "இந்த நாட்டு ஓட்டக்காரர்கள்!" என்று அறிவிப்பாளர் ஒவ்வொரு பெயராகச் சொன்னார். யதுஷாவின் பெயரை மூன்று விதமாகச் சொல்லிப் பார்த்து, கடைசியில் "எங்கள் யது" என்று முடித்தார். அவளுடைய மிக நல்ல ஓட்டத்தில் இரண்டு ஜெர்மன்காரருக்குப் பின்னால் மூன்றாவதாக வந்தாள். மற்ற மூவரும் அவளுக்குப் பின்னால்தான் வந்தார்கள், ஆனால் ஒருவரும் விழவில்லை. வால்ட்டர் மேடையில் ஏறி, நாலு இடம் இனி நிரந்தரம் என்று அறிவித்தார். கழக விதிப்புத்தகத்தில் அதை எழுதும் வேலையை யதுஷாவிடமே கொடுத்தார்கள். சனிக்கிழமை ஓட்டங்களில் முதல் நாலு இடத்துக்குள் வருகிறவருக்கே இடம் என்று அவள் எழுதினாள்.

அடுத்த வருடம் அந்த நாலு இடத்துக்குப் பதினொரு பேர் வந்து நின்றார்கள். ஷ்லீரனிலிருந்து நிலக்ஷன் என்ற தமிழ்ப் பெடியன் ஒருவனும் அவர்களில் இருந்தான். கடைசிச் சனிக்கிழமை, கடைசி ஓட்டம். நாலாம் இடத்துக்கு யதுஷாவும் கூரைக்காரனும் சேர்ந்து வளைவுக்குள் போனார்கள். அரைச் சில்லு வித்தியாசத்தில் அவன் முந்தினான். யதுஷாவுக்கு ஐந்தாம் இடம். ஆண்டுப் பந்தயத்தில் அவள் ரிசேர்வ். யாராவது ஓட முடியாமல் போனால்தான் இடம்.

வீட்டுக்குப் போகும் வழி முழுக்க யோகராஜாவுக்குக் கோபம்.

"சட்டத்தை எழுதினவள் நீ. உன்னையே வெளியில விட்டவங்களோ?"

யதுஷா மண்படிந்த காலணியைக் கழற்றிக்கொண்டிருந்தாள். அவளுக்கும் உள்ளே எரிச்சல்தான். அரைச் சில்லு எந்த இடத்தில் போனது என்று மனதுக்குள் பத்துத்தரம் ஓடிப் பார்த்துவிட்டாள். ஆனாலும் சிரிப்பு வந்தது.

"அப்பா, மூண்டு வருசத்துக்கு முன்னம் நான் ஒருத்திதான் இருந்தனான். இப்ப அஞ்சாவதாய் வந்திருக்கிறன். யோசிச்சுப் பாருங்கோ."

யோகராஜா வேகத்தைக் குறைத்து ஒரு வளைவில் திரும்பினார்.

"அந்தக் கூரைக்காரன் வளைவில நல்லாய்த்தான் போறான்" என்றார் பிறகு. "ஆனால் புறப்பாடு சரியில்லை. வாற வருசம் நீ அதில அவனைப் பிடி."

"ஓமப்பா" என்றாள் யதுஷா.