உள்ளே வண்டி இருக்கிறது

முழங்கால்களை மடித்து உட்கார்ந்து, முதுகை நிமிர்த்தி, வலது கையை முழுக்க நீட்டி, தீக்குச்சி உயரமுள்ள சிக்னலை ஆள்காட்டி விரலால் சுட்டுகிறார் அகுட்சு தெய்ஸோ. "சிவப்பு! உள்ள வண்டி இருக்கு!" விரல் காதுவரை மடங்கி மறுபடி நீள்கிறது. காலை மணி ஏழு பத்து. வெறுந்தலைதான். ஆனாலும் கூவி முடித்ததும் இடது கை தானாக மேலே போய்த் தொப்பியின் விளிம்பைத் தேடுகிறது. கிடைக்காமல் இறங்கி, முழங்காலில் படுத்துக்கொள்கிறது.

"அப்பா, நீங்க கத்துறதுக்காக அது பச்சையாகப் போறதில்ல. சூப் ஆறுது, வாங்க" என்கிறாள் மனைவி மிட்சுயோ, சமையலறையிலிருந்து. மகன் பிறந்த அன்று தொடங்கி அவளுக்கு அவர் அப்பா, அவருக்கு அவள் அம்மா. அந்த மகன் கோஹேவுக்கு இப்போது நாற்பது வயது. சிக்னலைத் தாண்டி ஒன்றரைச் சாண் தூரத்தில், பக்கவாட்டில் தள்ளும் காகிதக் கதவுக்குப் பின்னால் இருக்கிறான். பதினாறு வருஷமாக அங்கேதான் இருக்கிறான். நடை பக்கமுள்ள இன்னொரு கதவையும் உள்ளிருந்து தாழிட்டிருக்கிறான். அதன் முன்னால் மிட்சுயோ வைக்கும் தட்டு, வீடு தூங்கிய பிறகு காலியாகிறது. கழிவறையில் தண்ணீர் விழும் ஓசை கேட்கிறது. அந்த ஓசைதான் அவர்களுக்குப் பிள்ளை.

மலைக்குள் ஏறிப்போகும் ஒற்றைத் தட ரயில்பாதை ஒன்றில் முப்பத்தெட்டு வருஷம் வேலை பார்த்தவர் அகுட்சு. கடைசிப் பதினொரு வருஷம் ஸ்டேஷன் மாஸ்டர். ஒற்றைத் தடத்துக்கு ஒரே சட்டம்தான் என்பார். இரண்டு ஸ்டேஷன்களுக்கு நடுவே ஒரு வண்டி இருந்தால் வேறெதுவும் உள்ளே நுழையக்கூடாது. அந்தப் பக்கத்து ஆள் சொல்லாமல் இந்தப் பக்கத்து ஆள் எதையும் நகர்த்தக்கூடாது. ஒரு பிப்ரவரி மாதம் அடுத்த ஸ்டேஷனில் ஐம்பது நிமிடம் யாருமே தொலைபேசியை எடுக்கவில்லை. வெளியே பனி கொட்டுகிறது. முப்பது பயணிகளையும் பெட்டிக்குள்ளேயே உட்காரவைத்துவிட்டார். இதைச் சொல்லும்போது மட்டும் அவர் முகத்தில் சிரிப்பு வரும். "முப்பது பேரும் கண்டபடி திட்டினாங்க. முப்பது பேரும் உயிரோட இருந்து திட்டினாங்க. அதைப் பாருங்க."

அவருடைய ரயில்பாதை ஒரு பாய் அளவுப் பலகையில், தரையோடு தரையாகக் கிடக்கிறது. உண்மை அளவில் நூற்றைம்பதில் ஒரு பங்கு. மனிதர்கள் நெல்மணி உயரம். பழைய செய்தித்தாளைக் கசக்கி மேலே சுண்ணாம்புச் சாந்து பூசினால் மலை. குளியல் பஞ்சைச் சாயத்தில் முக்கிப் பிய்த்துக் கம்பியில் ஒட்டினால் தேவதாரு. புதிதாகச் செய்த எதுவும் அவருக்குப் பிடிக்காது. சுவரென்றால் மழை வழிந்த கறை வேண்டும், நடைமேடையென்றால் ஓரம் தேய்ந்திருக்க வேண்டும். அதற்கென்று சாம்பல், துரு, புகை என்று நிறம் நிறமாகப் பொடி வாங்கி, பூனை மீசை போன்ற தூரிகையால் பூசுவார். ஒரு முடிதிருத்தும் கடையை இப்படி இருபது வருஷம் கிழடாக்க அவருக்கு ஒரு மத்தியானம் போதும்.

வீடுகள் கடையில் வாங்கியவை, கூரைகள் மட்டும் அல்ல. அவற்றுக்கு ஒரு கதை உண்டு.

மூன்று வருஷத்துக்கு முன்பு, அந்தக் காகிதக் கதவின் அடியில் எலிவளை அளவுக்கு ஒரு ஓட்டை அறுத்தார். தண்டவாளத்தை அதுவரை கொண்டுபோய் நிறுத்தி, மிச்சமிருந்த எட்டுத் துண்டுகளையும் ஓட்டை வழியாக ஒவ்வொன்றாக உள்ளே தள்ளிவிட்டார். எதுவும் சொல்லவில்லை. நான்காம் நாள் சாயங்காலம் தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது உள்ளே 'கிளிக்' என்றது. தண்டவாளத் துண்டு ஒன்றோடு ஒன்று பூட்டிக்கொள்ளும் சத்தம். ஏழு முறை கேட்டது. எட்டாவது, கதவோரத்திலேயே, அவர் கண்ணெதிரில் பூட்டிக்கொண்டது. இரண்டு விரல் நுனிகள் தெரிந்து மறைந்தன. நகம் நீளமாக இருந்தது என்று மட்டும் மிட்சுயோவிடம் சொன்னார்.

அதன்பின் ஞாயிறுதோறும் மூன்று மணிக்கு ஒரு எஞ்சினும் ஒரு சரக்குப் பெட்டியும் உள்ளே போயின. பெட்டியில் ஒரே ஒரு கேரமல் மிட்டாய், அளவெடுத்தாற்போல் உட்கார்ந்திருக்கும். கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து மரச்சட்டத்தில் இரண்டு தட்டு. டொக், டொக். வண்டி தயார் என்று அர்த்தம். அகுட்சு விரல் நீட்டி, "பச்சை! புறப்பாடு!" என்று கூவி, வண்டியை ஓட்டும் குமிழைப் பின்னால் திருப்புவார். வெளியே வரும் பெட்டியில் மிட்டாயின் மெழுகுத்தாள் மட்டும் இருக்கும், நான்காக மடித்து, ஓரம் பிசகாமல். அந்தத் தாள்களைத்தான் சாயமடித்து, வீட்டுக்கு இரண்டாகக் கூரையாக்கினார். இரண்டு வருஷத்தில் நாற்பத்தாறு வீடுகளுக்குக் கூரை விழுந்தது.

நாற்பத்தேழாவது வீட்டிலிருந்து ஒன்பது வீடுகள் திறந்தே கிடக்கின்றன.

பதினொரு மாதத்துக்கு முன்பு, கோஹேவின் நாற்பதாவது பிறந்தநாளன்று, பெட்டியில் மிட்டாய்க்கு அடியில் ஒரு சீட்டையும் மடித்து வைத்தார். நகராட்சியில் இப்படிப்பட்டவர்களுக்கென்று ஓர் ஆலோசனை அறை இருக்கிறது. அதன் இளஞ்சிவப்புச் சீட்டு. மூலையில், 'சும்மா பார்' என்று பென்சிலால் எழுதியிருந்தார். மிட்சுயோவுக்குச் சொல்லவில்லை. வண்டி உள்ளே போனது. தட்டும் சத்தம் வரவில்லை. அன்று முழுக்க வரவில்லை. அடுத்த ஞாயிறும் இல்லை.

அன்றைக்குச் சிவப்பான சிக்னல் சிவப்பாகவே நிற்கிறது. சிக்னலுக்கும் கதவுக்கும் நடுவிலுள்ள ஒன்றரைச் சாண் தடத்தில் அவர் துணிகூடப் போட்டுத் துடைப்பதில்லை. உள்ளே வண்டி இருக்கும்போது பராமரிப்பு ஆள் இறங்கக்கூடாது. பலகையின் மற்ற இடமெல்லாம் துடைத்துவைத்த பாத்திரம்போல இருக்க, அங்கே மட்டும் பதினொரு மாதத் தூசி. தினமும் கன்னத்தைத் தரையில் வைத்து ஓட்டை வழியாகப் பார்ப்பார். இருட்டில் பெட்டியின் பின்பக்கம் மட்டும் தெரியும். அதற்குள் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்பது தெரியாது.

"குமிழைத் திருப்பினா வந்துடும். ஒரு நிமிஷ வேலை" என்பாள் மிட்சுயோ.

"அந்தப் பக்கம் தட்டல."

"அந்தப் பக்கம் இருக்கிறது நம்ம பிள்ளைப்பா, ரயில்வே கம்பெனி இல்ல."

"யாரா இருந்தாலும் தட்டணும்."

"நீங்களும் உங்க சட்டமும்! கல்யாணத்தன்னிக்கே சிவப்பு காட்டியிருக்கலாம், நான் தப்பிச்சிருப்பேன்" என்று பாத்திரத்தை உருட்டுவாள். அவரும் பதிலுக்கு ஏதாவது முனகுவார். சட்டம் ஒரு பக்கம். வண்டி வெளியே வந்தால் பெட்டிக்குள் பார்க்க வேண்டியிருக்கும் என்பது இன்னொரு பக்கம். சீட்டைப் படித்துவிட்டுக் கோபித்துக்கொண்டானா, இல்லை தொடவே இல்லையா? கோபம் என்றால் என்றைக்காவது ஆறும். தொடவே இல்லையென்றால், அதற்கு அப்பால் யோசிக்க அவருக்கு இடமில்லை. வண்டி உள்ளே நிற்கும்வரை இரண்டில் எதுவென்று முடிவாகவில்லை. அந்த முடிவாகாததன் மேல்தான் தினமும் காலையில் எழுந்து உட்காருகிறார்.

போன வியாழக்கிழமை சாம்பல் பொடி தீர்ந்துபோய், இஸோபேவின் கடைக்குப் போனார். தகாசாகி ஸ்டேஷனுக்குப் பின்னால், பொம்மை ரயில் சாமான் மட்டும் விற்கும் குறுகல் கடை. "அகுட்சு சான், போன வருஷம் வாங்கினீங்களே ரெண்டு பெட்டி டீசல் வண்டி, இன்னும் அட்டைப்பெட்டியிலயே அடைகாக்குறீங்களாமே? முட்டை ஏதும் போட்டுச்சா?"

"தடம் காலியில்ல."

"ஒத்தை வண்டிதானே உங்ககிட்ட ஓடுது! அதுக்கே காலியில்லையா?" இஸோபே சிரித்தார். அகுட்சுவும் சிரித்துவைத்தார். பொடியை வாங்கிக்கொண்டு நடந்தே திரும்பினார்.

வீட்டில் காலணியைக் கழற்றி, சட்டையைக்கூட மாற்றாமல் வழக்கம்போலப் பலகை முன்னால் மடிந்து உட்கார்ந்தார். விரலை நீட்டினார். வாய் திறந்தது. கூவுவதற்குள் தலை தடத்தின் மேல் குனிந்தது.

கதவோரத்திலிருந்து சிக்னல்வரை, தூசிக்கு நடுவே, இரண்டு மெல்லிய கோடுகள் பளபளத்தன. தண்டவாளத்தின் தலையில் சக்கரம் உருண்டுபோன தடம். முப்பத்தெட்டு வருஷம் பார்த்த கண்ணுக்கு அதை யாரும் விளக்க வேண்டியதில்லை. ஒரு வண்டி வெளியே வந்திருக்கிறது. மறுபடி உள்ளே போயிருக்கிறது. கன்னத்தைத் தரையில் வைத்துப் பார்த்தார். பெட்டியின் பின்பக்கம் இருட்டில் அங்கேயே நின்றது, நேற்று நின்ற இடத்தைவிட ஒரு விரல் இப்பால். குமிழில் அவ்வளவு கைப்பழக்கம் இல்லாத ஒருவர் நிறுத்தியதுபோல.

"பொடி கிடைச்சுதா அப்பா?" மிட்சுயோ தேநீர்த் தட்டோடு வாசலில் நின்றாள்.

"கிடைச்சுது."

"இஸோபே சான் என்ன சொன்னாரு?"

"வண்டி முட்டை போட்டுச்சான்னாரு."

அவள் சிரித்தாள். அந்த நகைச்சுவைக்குத் தேவையானதைவிட அதிகமாகவே சிரித்தாள். தட்டை வைக்கக் குனிந்தபோது சமையலுக்கு இடுப்பில் கட்டிய முன்துணியின் பை வாய் திறந்தது. உள்ளே இளஞ்சிவப்பாக ஒரு மூலை. மடிப்புக் கலையாமல், அவர் மடித்த மடிப்பிலேயே. அதன் மேல் மஞ்சள் மெழுகுத்தாள் பிரிக்கப்படாத ஒரு மிட்டாய், வெயிலும் குளிரும் பட்டு மூலை மழுங்கிப்போய். அவர் பார்வையைத் தேநீருக்குக் கொண்டுபோனார். அவள் கையால் பையை மூடிக்கொண்டு எழுந்தாள்.

"இன்னிக்குச் சோயா குழம்புல மீன் போடுறேன்" என்றாள். "அவனுக்கும் பிடிக்கும்."

"சரிம்மா."

அவள் காலடி சமையலறைக்குள் போய்க் குழாய்ச் சத்தத்தில் கலக்கும்வரை காத்திருந்தார். பிறகு புதிய டப்பாவைத் திறந்தார். பூனைமீசைத் தூரிகையைச் சாம்பல் பொடியில் தொட்டு, டப்பாவின் விளிம்பில் ஒருமுறை தட்டி, மூச்சைப் பிடித்துக்கொண்டு, பதினொரு மாதத்தில் முதல்முறையாகச் சிக்னலைத் தாண்டிக் கையை நீட்டினார்.

"என்னப்பா, வந்ததும் கத்தவே இல்லையே?" என்றது சமையலறை.

"சிவப்பு" என்றார் அகுட்சு. "உள்ள வண்டி இருக்கு." கதவோரத்தில் தொடங்கி, ஒன்றன்பின் ஒன்றாக, இரண்டு கோடுகளின் மேலும் தூசி பூசிக்கொண்டே வந்தார்.