பெர்லினில் நான்கு மணி நேரம்

"ஊழியரின் குடும்பத்தினர் வெளிநாட்டில் உள்ளவர்களோடு நடத்தும் சொந்தக் கடிதப் போக்குவரத்துக்கு முன் அனுமதி தேவையில்லை. ஐயம் எழும் இனங்களில், முப்பது நாட்களுக்குள் முடிவெடுத்து ஊழியருக்கு எழுத்து மூலம் தெரிவிக்கப்பட வேண்டும்."

ஆவடியில் நாங்கள் குடியிருந்த பாதுகாப்புத் தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸில் வீட்டுக்கு ஒன்றாகக் கொடுத்திருந்த விதிப் புத்தகத்தில் இந்த இரண்டு வாக்கியங்களும் அடுத்தடுத்து இருந்தன. முதல் வாக்கியத்தை என் அப்பா நம்பவில்லை. இரண்டாவதை, அதை எழுதியவர்களே நம்பவில்லை. பிற்காலத்தில் அரசு அலுவலகத்தில் கோப்புகளைக் கட்டியும் அவிழ்த்தும் காலம் தள்ளி ஓய்வு பெற்றவள் நான். விதியை மீறுகிறவர்களைக்கூட மன்னித்திருக்கிறேன். அச்சடித்து வீட்டுக்கு வீடு கொடுத்துவிட்டு, தாங்களே படிக்காதவர்களை இன்றுவரை மன்னிக்க முடியவில்லை.

1980இல் நான் ஒன்பதாம் வகுப்பு. எங்கள் வீட்டில் சிற்றலை பிடிக்கும் ரேடியோ ஒன்று இருந்தது. சாயங்காலத்தில் ஐரோப்பாவிலிருந்து ஒரு நிலையம் ஆங்கிலத்தில் பேசும். கொரகொரப்புக்கும் சீழ்க்கைக்கும் நடுவே குரல் எவ்வளவு தெளிவாக விழுந்தது என்று எழுதிப் போட்டால் வண்ணப்படம் போட்ட அட்டை அனுப்புவார்கள். நான் அட்டைக்காகக் கேட்டேன். அம்மா, நான் தமிழில் சொல்லச் சொல்ல, அடுப்படியிலிருந்தே கேட்டாள்.

ஒரு நாள் போட்டி ஒன்றை அறிவித்தார்கள். கேட்டு எழுதுகிறவர்களுக்கு ஐரோப்பிய ரயில் கால அட்டவணையை இலவசமாக அனுப்புவார்கள். அதை வைத்துக்கொண்டு, ஹாம்பர்க்கில் ஏறி, குறைந்தது நான்கு எல்லைகளைத் தாண்டி, ஜூரிச்சில் இறங்குவதற்குத் திட்டம் எழுத வேண்டும். எங்கே இறங்குவது, எந்த வண்டிக்கு மாறுவது எல்லாம் அதில் இருக்க வேண்டும். ஓர் இணைப்பு ரயில்கூடத் தவறக் கூடாது. வெல்பவரை அவர்கள் செலவில் வரவழைத்து, அவர் எழுதிய திட்டப்படியே பயணம் அனுப்பி வைப்பார்கள்.

அம்மா கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

"எழுதிப் போடு. என் பேர்லயே எழுது."

எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான். ஆனால் ரயில் மாறுவதில் அம்மாவுக்கு இணை எங்கள் குவார்ட்டர்ஸில் இல்லை என்பது தெரியும். அப்பாவின் ஊர் போடிக்குப் பக்கம். ஒவ்வொரு மே மாதமும் ஆவடியிலிருந்து லோக்கலில் சென்ட்ரல், அங்கிருந்து மூட்டை முடிச்சோடு எக்மோர், ராத்திரி வண்டியில் மதுரை, மதுரையில் போடி பாசஞ்சர். திட்டம் முழுவதும் அம்மாவுடையது. அதில் ஒரே ஒரு விசித்திரம். எங்கள் வண்டி மதுரை போய்ச் சேர்ந்த சற்று நேரத்தில் போடிக்கு ஒரு வண்டி கிளம்பும். அம்மா அதைக் கணக்கிலேயே சேர்க்க மாட்டாள். மத்தியானத்துக்கு மேல் போகும் வண்டிக்குத்தான் ஏற்பாடு. "ராத்திரி வண்டி லேட்டாயிருச்சுன்னா?" என்பாள். ராத்திரி வண்டி பெரும்பாலும் நேரத்துக்கு வந்து தொலைக்கும். காலை பாசஞ்சர் எங்கள் கண்ணெதிரே புறப்பட்டுப் போகும். அப்பா பல்லைக் கடிப்பார்.

அம்மா பிளாட்பார பெஞ்சில் காலைத் தூக்கி மடித்து உட்கார்ந்து, அப்பா வாங்கி வந்த காப்பியை ஊதி ஊதிக் குடிப்பாள். பொட்டலத்து இட்லியை நாங்கள் தின்ற பிறகு இலையைச் சுருட்டித் தூக்கி எறிந்துவிடலாம். கழுவி வைக்க ஒன்றுமில்லை. கடையில் வாங்கிய வாரப் பத்திரிகையை அட்டையிலிருந்து அட்டைவரை படிப்பாள். போடி வீட்டில் அப்பாவின் அண்ணன் தம்பிமார் குடும்பங்களெல்லாம் முன்னதாகவே வந்து இறங்கியிருக்கும். அம்மா போனதும் முந்தானையை இடுப்பில் செருகினால், பள்ளிக்கூடம் திறக்க நாங்கள் ஊர் திரும்பும்போதுதான் எடுத்து விடுவாள். இதையெல்லாம் நான் வருடா வருடம் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

அட்டவணை வந்தது. எங்கள் தபால்காரர் அந்தப் பக்கத்துப் பழைய கிராமத்துக்காரர். சைக்கிளைச் சாய்த்து வைத்துவிட்டு, இரண்டு கையாலும் பொட்டலத்தைத் தூக்கிக் காட்டினார்.

"இன்னாம்மா இது, அம்மிக் கல்லு கணக்கா கீது? என் பையே கிழிஞ்சிடும் போல."

"ரயில் டைம் புஸ்தகம்ப்பா. அந்த ஊரு ரயிலு."

"நம்ம அரக்கோணம் லோக்கலே சொன்ன டைமுக்கு வர்றதில்ல. நீ வெள்ளக்காரன் வண்டிய புடிக்கப் போறியா? போறதுன்னா சொல்லிட்டுப் போம்மா, உன் தபாலெல்லாம் அங்கயே கொணாந்து குடுத்துர்றேன்."

அம்மா அவருக்கு மோர் கொடுத்தாள். அவர் போனதும் சோற்றை வடிக்காமலே புத்தகத்தைப் பிரித்தாள்.

அடுத்த சில வாரங்கள் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு எங்கள் கூடம் ஐரோப்பாவாக இருந்தது. குறியீடுகளுக்குப் பொருள் நான் படித்துச் சொன்னேன். குறுக்காகப் போட்ட இரண்டு சுத்தியல் என்றால் அந்த வண்டி வேலை நாட்களில் மட்டும் ஓடும். கத்தியும் முள்கரண்டியும் என்றால் வண்டிக்குள் சாப்பாடு உண்டு. அம்மா இரண்டையும் அப்படியே தன் தாளில் வரைந்துகொண்டாள். பெர்லின் என்ற ஊரில் இறங்கும் நிலையம் ஒன்று, ஏறும் நிலையம் இன்னொன்று என்று கண்டுபிடித்ததும் அவளுக்கு உற்சாகம் தாங்கவில்லை. நடுவில் ஓர் எல்லை வேறு குறுக்கே ஓடியது.

"சென்ட்ரல்ல எறங்கி எக்மோர் போறதுக்கு நடுவுல பாஸ்போர்ட் காட்டச் சொன்னா எப்படி இருக்கும்? அந்தக் கூத்துதான்!"

புத்தகத்தின் முதல் பக்கத்தில், தங்கள் ரயில்கள் நிமிடம் தவறாமல் ஓடுகின்றன என்று பெருமையடித்திருந்தார்கள். அம்மா அதை என்னை இரண்டு முறை படிக்கச் சொன்னாள்.

"நெசமாவாடி? ஒரு நிமிஷம்கூட லேட்டாகாதா?"

"அப்படித்தான் போட்டிருக்கு."

"ம்."

அதன் பிறகும் அவள் பெர்லினுக்கு நான்கு மணி நேரம் ஒதுக்கினாள். ட்ரெஸ்டனில் மூன்று. பிராகில் மூன்றரை. வியன்னாவில் ஒரு முழுப் பகல்.

"அம்மா, பிராக்ல எறங்கின இருபது நிமிஷத்துல வியன்னாவுக்கு வண்டி இருக்கு, பாரு."

"அது போகட்டும்."

போட்டி விதியில் காத்திருக்கக் கூடாது என்று எங்கும் இல்லை. சரிபார்த்துவிட்டேன். அந்த வயதிலேயே நான் அப்படித்தான்.

திட்டம் தயாரானது. நான் ஆங்கிலத்தில் எழுதிக் கொடுக்க, அம்மா கையெழுத்துப் போட்டாள். அப்பா தாளை வாங்கிப் பார்த்தார். ஒரு வண்டிகூடத் தவறவில்லை. "ஸ்டேஷன் மாஸ்டர்கூட இப்படிப் போட மாட்டான்" என்று சிரித்தார். மனதாரத்தான் சொன்னார். அதோடு நின்றிருக்கலாம். ஆனால் அந்த வருடம் அவர் பெயர் பதவி உயர்வுப் பட்டியலில் இருந்தது. வெளிநாட்டுக்குப் போகும் உறை. அதிலும் பாதி ஊர்கள் கம்யூனிஸ்ட் முகாமைச் சேர்ந்தவை. எதற்கும் ஒரு வார்த்தை கேட்டுவிடுவோம் என்று, ஒட்டாத உறையைப் பாதுகாப்புப் பிரிவில் கொண்டுபோய்க் கொடுத்தார்.

தேவையில்லாத அனுமதியைக் கேட்பது போல அலுவலக வாழ்க்கையில் பெரிய பிழை கிடையாது. கேட்ட நிமிடத்திலிருந்து அது தேவையான அனுமதி ஆகிவிடுகிறது. கோப்புக்கு ஓர் எண் விழுந்துவிட்டால் அதன்பின் கடவுளே வந்தாலும் வரிசையில்தான் நிற்க வேண்டும். தெருமுனைத் தபால்பெட்டியில் போட்டிருந்தால் அன்று மாலையே போயிருக்கும். பெட்டி எங்கள் வீட்டிலிருந்து கூப்பிடு தூரம்.

பத்து நாள் கழித்து அப்பாவையும் அம்மாவையும் கூப்பிட்டு அனுப்பினார்கள். ஆங்கிலத்தில் எழுதியவள் என்பதால் நானும் போனேன். அதிகாரி மரியாதையான மனிதர்தான். எங்களுக்கு நாற்காலி போடச் சொன்னார். அம்மாவின் தாள் அவர் முன்னால் கண்ணாடிக் குண்டின் கீழ் இருந்தது. யாரோ அதில் சிவப்பு மையால் சுழித்திருந்தார்கள். மூன்று வாரம் அம்மா ரப்பரால் அழித்து அழித்து எழுதிய தாள். எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது.

"இந்த ரெண்டு சுத்தியல், இது எந்தச் சங்கத்தோட சின்னம்மா?"

"வேலை நாள்ல மட்டும் ஓடுற வண்டி, சார்" என்றேன் நான்.

"கத்தி?"

"சாப்பாடு, சார்."

அவர் அதைக் குறித்துக்கொண்டார். கத்தி என்றால் சாப்பாடு என்று ஒரு பாதுகாப்புத் தொழிற்சாலையின் கோப்பில் ஏறியது. பிறகு கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

"பெர்லின்ல நாலு மணி நேரம். ட்ரெஸ்டன்ல மூணு. பிராக்ல மூணரை. எல்லாமே எல்லையை ஒட்டின ஊர். அடுத்த வண்டி ரெடியா இருக்கு, ஆனா நீங்க ஏறலை. ஸ்டேஷன்லயே உட்கார்ந்திருக்கீங்க. அங்க யாரைப் பார்க்கணும்மா உங்களுக்கு?"

"யாரையும் பாக்க வேண்டாம்னுதான் சார்."

"அப்புறம் என்னத்துக்கு?"

அம்மா வாயைத் திறந்தாள். அப்பாவை ஒரு முறை பார்த்தாள். அந்தப் பார்வை பயம் என்று நான் முடிவு கட்டினேன். ஒரு குடும்பத் தலைவியைக் குற்றவாளி போல உட்கார வைத்துக் கேள்வி கேட்கிறார்களே என்ற ஆத்திரத்தில் எழுந்து நின்றேன்.

"ரயில் லேட்டா வந்தா அடுத்த வண்டி போயிடும்ல சார்? அதுக்குத்தான். எங்கம்மா எப்பவும் அப்படித்தான் போடுவாங்க."

அப்பாவுக்கு உயிர் வந்தது. "ஆமா சார். மதுரைலயே இவ கூத்து தாங்காது. வர்ற வண்டியை விட்டுட்டு மத்தியானம் வரைக்கும் பெஞ்சைத் தேய்ப்பா." அதிகாரி சிரித்தார். வாசலில் நின்ற காவலாளிகூடச் சிரித்தார். அந்த அறையில் சிரிக்காதவர்கள் இரண்டே பேர். நான் கோபத்தில் சிரிக்கவில்லை.

"நீங்க சொல்லுங்கம்மா, அதுதானா?"

"பொண்ணு சொன்னதுதான் சார்" என்றாள் அம்மா.

உறை மட்டும் திரும்பி வரவில்லை. ஆய்வில் இருக்கிறது என்றார்கள். முப்பது நாள் போயிற்று. போட்டியின் கடைசித் தேதியும் போயிற்று. விதிப் புத்தகத்தை எடுத்து இரண்டாவது வாக்கியத்தில் விரலை வைத்து அப்பாவிடம் காட்டினேன். "உன் வேலையப் பாரு" என்றார். நானே அவர் பெயரில் நினைவூட்டுக் கடிதம் எழுதிக் கொடுத்தேன். முனகிக்கொண்டே கையெழுத்துப் போட்டார். ஆண்டுதோறும் ஒன்று எழுதினேன். ஒன்றுக்கும் பதில் இல்லை. பதவி உயர்வு என்னவோ உரிய காலத்தில் வந்துவிட்டது. கோப்பில் கத்தி இருந்தும்.

தபால்காரர் மட்டும் விடவில்லை. "இன்னாம்மா, எப்போ கெளம்பற? இன்னும் இங்கயே கீறியே?"

"வண்டி லேட்டுப்பா" என்பாள் அம்மா.

அடுத்த மே மாதம் மதுரையில் இறங்கியதும் அப்பா எங்களை நேராக பஸ் நிலையத்துக்குக் கூட்டிப்போனார். ஸ்டேஷனில் மணிக்கணக்காக உட்கார்ந்திருந்தால் பார்க்கிறவன் என்ன நினைப்பான் என்று அவருக்குப் புதிதாக ஒரு கூச்சம் வந்திருந்தது. பத்து மணிக்கெல்லாம் ஊர் போய்ச் சேர்ந்துவிட்டோம். எனக்குப் பரம சந்தோஷம். சித்தப்பா பிள்ளைகளோடு விளையாட அரை நாள் கூடுதலாகக் கிடைத்தது. அம்மா முந்தானையைச் செருகிக்கொண்டு உள்ளே போனாள். அதன் பிறகு எப்போதும் பஸ்தான்.

பாதுகாப்புப் பிரிவின் மேல் எனக்கிருந்த கோபம் என்னோடு வளர்ந்தது, வேலைக்குப் போனது, தேர்வுகள் எழுதித் தேறியது. அம்மாவின் பரிசைப் பறித்துவிட்டார்கள் என்பதே என் வழக்கு. விமானம், ஐரோப்பா, ஜூரிச். பறிபோனது எது என்று நான் அம்மாவிடம் ஒரு முறைகூடக் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்றே தோன்றவில்லை. வாதியிடம் விசாரிக்காமல் வழக்கு நடத்தியவள் நான் ஒருத்திதான்.

அப்பா ஓய்வு பெற்று, நாங்கள் முகப்பேரில் வீட்டு வசதி வாரியத்தின் ஃபிளாட்டுக்குக் குடிவந்த பிறகு, ஆவடி முகவரி அடித்துத் திருத்தப்பட்ட பழுப்பு உறை ஒன்று வந்தது. உள்ளே அம்மாவின் தாள், சிவப்புச் சுழிகளோடு. கூடவே தட்டச்சு செய்த நான்கு வரி. மேற்படி திட்டத்தை அனுப்புவதில் ஆட்சேபணை இல்லை. பயணி எல்லையோர நிலையங்களில் நெடுநேரம் தங்குவது ரயில் தாமதத்தை முன்னிட்டே என்ற விளக்கம் பரிசீலிக்கப்பட்டு ஏற்கப்படுகிறது.

பெர்லினின் நடுவே ஓடிய எல்லை அதற்குள் இல்லாமலே போயிருந்தது. நான் கொதித்தேன். அப்பா கண்ணாடியைத் தேடினார். அம்மா அடுப்படியிலிருந்து, கடைசி வரியை மட்டும் இன்னொரு தடவை படிக்கச் சொன்னாள். படித்தேன்.

"நீ சொன்னதையே ஏத்துக்கிட்டாங்க பாரு" என்று சிரித்தாள். காப்பியை ஆற்றி அப்பாவுக்கு ஒன்று, எனக்கு ஒன்று கொண்டுவந்து வைத்துவிட்டு, இரவுச் சமையலுக்கு அரிசி களைய உள்ளே போனாள்.

விளக்கம் ஏற்கப்பட்ட அந்தப் பதில் வந்த தேதி 1991 பிப்ரவரி 12.