ஆட்சேபணை இல்லை என்று எழுதியவர்கள்

என் முனைவர் பட்ட ஆய்வின் தலைப்பைச் சொன்னால் கேட்பவர்களுக்குக் கொட்டாவி வந்துவிடும். சிறிய ஊர்களில் தொழில் செய்கிற ஆடிட்டர்களால் தங்கள் வாடிக்கையாளரிடம் "முடியாது" என்று சொல்ல முடிகிறதா, முடியாவிட்டால் ஏன் என்பதுதான் விஷயம். தென்காசிப் பக்கம் ஒரு கல்லூரியில் வணிகவியல் நடத்துகிறேன். தணிக்கைப் பாடத்தில் 'தொழில்முறை ஐயம்' என்று ஒரு பகுதி வரும். யாரையும் திருடன் என்று முடிவு கட்டாதே, யாரையும் யோக்கியன் என்றும் முடிவு கட்டாதே, போய்ப் பார் என்று வருடாவருடம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பேன். பரீட்சைக்கு அடிக்கடி வருகிற கேள்வி அது.

முதலில் கேள்வித்தாள்தான் அனுப்பினேன். 'வாடிக்கையாளரின் வற்புறுத்தலுக்கு நான் பணிவதில்லை' என்ற வரிக்கு நேரே எல்லோரும் 'முழுமையாக ஒப்புக்கொள்கிறேன்' என்று டிக் அடித்து அனுப்பிவிட்டார்கள். என் ஆய்வு நெறியாளருக்குச் சந்தோஷம். கணினியில் போட்டால் அட்டவணை அழகாக வரும் என்றார். எனக்கு ஒரு வரியும் நம்பும்படி இல்லை. நேரில் உட்கார்ந்து பேச வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தேன். யார் என்ன சொன்னார்கள் என்பதை யாரிடமும் வெளியிடமாட்டேன் என்று பல்கலைக்கழகத்துக்குக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டுத்தான் கிளம்பினேன். என் கணவரும் இதே ஊரில் ஆடிட்டர். அவரை மட்டும் பட்டியலில் சேர்க்கவில்லை.

கோயில் பக்கம் ஒரு மாடியில் அலுவலகம் வைத்திருக்கும் பெண் ஆடிட்டர் ஒருவரைப் போய்ப் பார்த்தேன். என்னைவிட வயதில் மூத்தவர். பேச்சில் சுற்றி வளைப்பது கிடையாது.

"ஒரு டிரஸ்டு. ஸ்கூல் நடத்துதாவ. கூடவே ஏழைப் பொம்பளப் புள்ளையளுக்கு ஹாஸ்டல், குத்துக்கல்வலசை தாண்டி குத்தாலம் போற ரோட்டுல. சாப்பாட்டுச் செலவு, போர்வை, வார்டன் சம்பளம் எல்லாத்துக்கும் ரசீது இருக்கு. எல்லாம் அவ்வளவு சரியா இருந்ததுதான் எனக்கு இடிச்சுது. புள்ளைய இருக்கிற இடத்துல ஒரு மாசமாவது முன்னப்பின்ன இருக்கும்லா?"

"நேர்ல போய்ப் பாத்தியளா?"

"போனேன். அதோட அந்த ஆடிட்ட விட்டுட்டேன்."

"என்ன பாத்திய?"

"அது வேண்டாம். நான் விட்டதும் வேற ஒருத்தர் எடுத்துக்கிட்டாவ."

யார் என்று கேட்டேன். அவர் என்னை ஒரு கணம் நேராகப் பார்த்தார். "இதே ஊருதான்," என்றார். பிறகு டீ சொல்லட்டுமா என்று கேட்டார்.

படி இறங்கும்போதே யோசித்தேன். பெயரைச் சொல்லாதவர் எதற்காக அப்படிப் பார்த்தார்? நான் யாருடைய மனைவி என்று அவருக்குத் தெரியாமல் இருக்க வழியில்லை.

அன்றிலிருந்து வீட்டில் என் கண் வேறு மாதிரி வேலை செய்ய ஆரம்பித்தது. போன சீசனில் தங்கை குடும்பத்தோடு குளிக்க வந்தபோது குற்றாலத்தில் ஒரு லாட்ஜிலும் இடமில்லை. என் கணவர் ஒரே ஒரு போன் போட்டார், அறை கிடைத்தது. யாருக்குப் போன் போட்டார் என்று அன்றைக்கு நான் கேட்கவில்லை. அந்த ஹாஸ்டலும் குற்றாலம் ரோட்டில்தானே? இப்போதெல்லாம் போன் வந்தால் மொட்டைமாடிக்கு எழுந்து போகிறாரே, அது சிக்னலுக்காகவா? இருபது வருடம் ஒரே கூரையின் கீழ் இருந்த மனிதரை நான் ஒளிந்திருந்து கவனித்தேன். அதற்காக எனக்கு வெட்கமாகவும் இருந்தது, கவனிப்பதை நிறுத்தவும் முடியவில்லை.

ஒருநாள் சாப்பிடும்போது மெதுவாகக் கேட்டேன். "இந்த வருஷம் டிரஸ்ட் ஆடிட் ஏதும் புதுசா வந்துச்சா?"

இடியாப்பத்தைப் பிய்த்த கை நின்றது. "ஏன் கேக்க?"

"சும்மா, ஆராய்ச்சிக்குத்தான்."

"ஒண்ணு வந்துச்சு. ஸ்கூல் டிரஸ்டு. பழைய ஆடிட்டருக்கு முறைப்படி லெட்டர் போட்டேன். ஆட்சேபணை இல்லன்னு பதில் வந்துச்சு, எடுத்துக்கிட்டேன்."

இது எங்கள் பாடத்திலும் உள்ள விதி. ஒரு ஆடிட்டர் விட்ட வேலையை இன்னொருவர் எடுப்பதற்கு முன், ஏதாவது காரணம் உண்டா என்று முன்னவரிடம் எழுதிக் கேட்க வேண்டும். ஒரு இடத்தில் கையெழுத்து கிடைக்கவில்லை என்று வாடிக்கையாளர் அடுத்த இடத்துக்கு ஓடாமல் தடுக்கப் போட்ட வேலி அது. அந்த வேலியை அந்த அம்மாளே திறந்துவிட்டிருக்கிறார். என்னிடம் சொன்ன கதையை, முறைப்படி எழுதிக் கேட்டவரிடம் அவர் சொல்லவில்லை. அப்படியானால் என்னிடம் சொன்னது உண்மைதானா? எனக்கு அவர் மேலும் சந்தேகம் வந்துவிட்டது.

"ஹாஸ்டலைப் போய்ப் பாத்தியளா?" என்று என் கணவரிடம் கேட்க வாய்வரைக்கும் வந்தது. கேட்டால் எனக்கு எப்படி ஹாஸ்டல் தெரியும் என்பார். போட்டுக் கொடுத்த கையெழுத்து என் வாயைக் கட்டியிருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை சாரல் நன்றாக விழுந்தது. ஐந்தருவிக்குப் போகலாம் என்று நான்தான் கிளப்பினேன். வழியில், அந்த அம்மாள் சொன்ன ரோட்டில், வெளியூர் கார்கள் வரிசையாக நின்ற ஒரு கட்டிடத்துக்கு எதிரே டீக்கடை தெரிந்ததும் வண்டியை நிறுத்தச் சொன்னேன். நான் எதையும் வெளியிடவில்லை. ஆனால் நிறுத்தச் சொன்னது நான்தான். இது சரியா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை.

டீ கைக்கு வருவதற்குள் வாட்ச்மேன் ஒருவர் குடையோடு ரோட்டைக் கடந்து ஓடிவந்தார்.

"ரூம் வேணுமா அண்ணாச்சி? அருவி பக்கத்துலதான். மொத்தமா படுக்க பெரிய ஹாலும் இருக்கு, வெந்நி போட்டுத் தாரோம்."

என் கணவர் அந்தக் கட்டிடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். 'அறைகள் வாடகைக்கு' என்ற பிளக்ஸின் மேல் ஓரத்தில் பழைய ஹாஸ்டல் போர்டின் பெயிண்ட் எழுத்து எட்டிப் பார்த்தது. அவர் டீயை வைத்துவிட்டு எழுந்தார். "காட்டும்," என்றார்.

உள்ளே இரும்புக் கட்டில்கள் வரிசையாகக் கிடந்தன. ஈரத் துண்டுகள் ஜன்னல் கம்பி முழுக்கத் தொங்கின. சுவரில் உயிரெழுத்து அட்டை ஒட்டியிருந்தது. ஒரு கட்டிலில் நாலைந்து பேர் சீட்டு விளையாடிக்கொண்டிருந்தார்கள்.

"இங்கன புள்ளைய தங்கிப் படிக்கலையா?" என்று என் கணவர் கேட்டார்.

"அது போர்டுல மட்டுந்தான் அண்ணாச்சி," வாட்ச்மேன் வெள்ளந்தியாகச் சிரித்தார். "நான் சேந்த நாள்லேர்ந்து குளிக்க வாரவுகதான் தங்குதாவ."

அருவிக்குப் போகவில்லை. வண்டியைத் திருப்பினார். வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தியதும் என் பக்கம் திரும்பினார்.

"ஒனக்கு யாரு சொன்னா?"

"டீ குடிக்கத்தானே நிறுத்தச் சொன்னேன்."

"ஏட்டி, நான் ஆடிட்டர். எங்கிட்டயேவா?"

"நீங்க ஏன் முன்னாடியே போய்ப் பாக்கல?"

அவர் முகம் சிறுத்துவிட்டது. போன சீசனில் தங்கைக்கு அறை போட்டது யார் மூலம் என்றும் கேட்டுவிட்டேன். மதுரையில் இருக்கும் தன் கல்லூரித் தோழரின் கெஸ்ட்ஹவுஸ் என்றார். அப்போதே அந்தத் தோழருக்குப் போன் போட்டு என் காதில் கொடுத்தார். அந்த மனிதர் குழப்பத்தோடு ஆமாம் என்றார். என் கணவர் என்னைப் பார்த்த பார்வையை மறப்பது கஷ்டம்.

அந்த டிரஸ்டுக்கு இனி தணிக்கை செய்ய முடியாது என்று எழுதிக் கொடுத்து விலகினார். கொஞ்ச நாளில் திருநெல்வேலி ஆடிட்டர் ஒருவரிடமிருந்து அதே வழக்கமான கடிதம் வந்தது. ஆட்சேபணை உண்டா? என் கணவர் ஒரு பக்கத்துக்குக் காரணம் எழுதி, அதைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார்.

"படி."

"எனக்கு எதுக்கு?"

"படி. இல்லன்னா நீ நம்பமாட்ட."

படித்தேன். பார்த்தது பார்த்தபடி இருந்தது. மறுநாளே அந்த ஆடிட்டர் போனில் கூப்பிட்டார். "ஏன் அண்ணாச்சி, ஒத்த வரியில முடிச்சிருக்கலாம்லா?" என்றார். முடியாது என்றார் என் கணவர். ஆனாலும் திருநெல்வேலிக்காரர் அந்த வேலையை எடுத்துக்கொண்டார். விதி கேட்கத்தான் சொல்கிறது. கேட்ட பிறகு என்ன செய்ய வேண்டும் என்பதை மனசாட்சிக்கு விட்டுவிட்டது.

வாடிக்கையாளர் விஷயத்தை வெளியே சொல்ல என் கணவருக்குத் தொழில் விதி தடை. எனக்குத் தடையில்லை. வாடகைக்கு அறை பார்த்த ஒரு பொதுஜனமாக, என் பெயரிலேயே மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக்கு மனு கொடுத்தேன். விசாரிக்கிறோம் என்று பதில் வந்தது. அடுத்த சீசனில் அந்தப் பக்கம் போனபோது ஹாஸ்டல் போர்டு இல்லை. புதுப் பெயிண்ட் அடித்து, முறையான லாட்ஜ் ஆகியிருந்தது. என் மனுவாலா, புது ஆடிட்டரின் யோசனையாலா என்று தெரியாது. நன்கொடை கொடுத்தவர்களிடம் என்ன சொன்னார்களோ, அதுவும் தெரியாது.

பிறகு குற்றாலத்தில் ஆடிட்டர்களுக்கு ஒரு பயிற்சி வகுப்பு நடந்தது. என் ஆய்வைப் பற்றிப் பேச அழைத்திருந்தார்கள். பாதிப் பேர் வருகைப் பதிவில் கையெழுத்துப் போட்டுவிட்டு அருவிக்குப் போய்விட்டார்கள். அந்த அம்மாள் மட்டும் முன் வரிசையில் கடைசிவரை உட்கார்ந்திருந்தார். முடிந்ததும் வராந்தாவில் தனியாகப் பிடித்துக்கொண்டேன்.

"ஆட்சேபணை இல்லன்னு ஏன் எழுதினிய?"

"என் மக அந்த ஸ்கூல்ல பன்னெண்டாவது படிச்சுட்டிருந்தா."

"அப்பம் எங்கிட்ட ஏன் சொன்னிய?"

"நீங்க வீட்டுல போய்ச் சொல்லுவியன்னுதான்," என்றார், கொஞ்சமும் தயங்காமல். "எழுத எனக்குத் தைரியம் இல்ல. கையெழுத்துப் போட்டுட்டு அவரு மாட்டிக்கிடக் கூடாதுன்னும் இருந்துச்சு."

ஆக, அது பேட்டியே இல்லை. என் மூலமாக என் வீட்டுக்கு அனுப்பப்பட்ட தகவல். மற்ற பேட்டிகளில் எது எதற்காகச் சொல்லப்பட்டதோ என்று அன்றைக்குத் தோன்றிய எண்ணம் இன்னும் போகவில்லை. நெறியாளரிடம் இந்தப் பேட்டியை ஆய்விலிருந்து நீக்கிவிடுகிறேன் என்றேன். "இருக்கிறதிலேயே நல்லது இதுதானே," என்றார் அவர். நான் நீக்கிவிட்டேன்.

என் கணவர் இப்போது எந்த டிரஸ்ட் வேலை வந்தாலும் முதலில் வண்டியை எடுத்துக்கொண்டு நேரில் போகிறார். சில சமயம் என்னையும் கூப்பிடுகிறார். பேச்சுவாக்கில், எதிர்பாராத நேரத்தில், "அன்னைக்கு ஒனக்கு யாரு சொன்னா?" என்று கேட்பார். நான் சொல்வதில்லை. சொல்லமாட்டேன் என்று தெரிந்தும் கேட்கிறார்.