அப்பா வாங்கி வந்த கையொப்பங்கள்

தமிழ்க் கைபேசிக் குழுக்களில் யூத வெறுப்பு எப்படிப் பரவுகிறது என்பதுதான் என்னுடைய முனைவர் பட்ட ஆய்வு. "உனக்கேன் உந்த வேலை?" என்று கேட்காத ஆள், புலம்பெயர்ந்து வந்து நாங்கள் வாழும் அஜின்கோர்ட்டில் இல்லை. பல்கலைக்கழகத்திலும் அதையேதான் கேட்டார்கள், கொஞ்சம் மரியாதையான ஆங்கிலத்தில். வீட்டுக்குள் வந்து விழுவதை ஆராயாமல் வேறு எதை ஆராய்வது என்று சொல்லிச் சொல்லி என் வாய் ஓய்ந்துவிட்டது.

அந்த வருடம் ஒரு புலமைப்பரிசிலுக்கு விண்ணப்பித்தேன். யூத வெறுப்பை ஆராயும் மாணவர்களுக்கென்றே இருந்தது அது. கிடைத்தால் படிப்பைத் தொடரலாம். இல்லையென்றால் எல்லாவற்றையும் மூட்டை கட்டிவிட்டு, முன்பு பார்த்த காப்புறுதிக் கம்பனி வேலைக்கே திரும்ப வேண்டும். விண்ணப்பத்தோடு மாதிரிக்குச் சில செய்திகளை மொழிபெயர்த்து இணைக்கச் சொன்னார்கள். அவற்றை அனுப்பியவர்களில் ஒருவராவது சம்மதித்துக் கையொப்பமிட்ட படிவம் இல்லாமல் விண்ணப்பம் செல்லாது.

செய்திக்குப் பஞ்சமே இல்லை. அப்பாவும் நண்பர்களும் நடத்தும் குழுவில் நானும் இருந்தேன். கோவில் திருவிழாப் படம் வரும், முழங்கால் நோவுக்கு வெந்தயம் வரும், அதற்கு அடுத்ததாக, உலகத்து வங்கியெல்லாம் யூதர் கையில், நோயைப் பரப்பியதும் அவர்கள்தான் என்று ஒரு நீட்டு முழக்கம் வரும். பாதிக்குமேல் அப்பா அனுப்பியவை. எங்கிருந்தோ வருவதை வாசிக்காமலே தட்டிவிடுவார். கேட்டால், "சும்மா வந்தது பிள்ளை, அனுப்பிவிட்டன்" என்பார்.

படிவத்தைத் தமிழிலேயே தயாரித்து, அப்பாவுக்கு ஆறுதலாக, நேரமெடுத்து விளங்கப்படுத்தலாம் என்று வைத்திருந்தேன். அதற்குள் மேசையில் கிடந்த படிவக் கட்டை எடுத்துக்கொண்டு அவர் புறப்பட்டுவிட்டார். பின்னேரம் குழு நண்பர்கள் எட்டுப் பேருடைய கையொப்பங்களோடு வந்தார். முகம் முழுக்கப் பெருமை.

"என்னெண்டு சொல்லிக் கேட்டனீங்கள்?"

"மகளின்ர ஸ்கொலர்ஷிப்புக்கு எண்டன். ஒருத்தரும் மறுகதை கதைக்கேல்லை."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எதற்கென்று தெரியாமல் போட்ட கையொப்பம் சம்மதமே இல்லை. எட்டையும் கிழித்துப் போட்டுவிட்டு முதலிலிருந்து தொடங்க வேண்டும். விண்ணப்பம் அனுப்ப இரண்டு நாள்தான் இருந்தது. கத்தினேன். ஏன் கத்துகிறேன் என்றே அவருக்கு விளங்கவில்லை. "உதவி செய்யப் போனாலும் குற்றம்" என்று முணுமுணுத்துக்கொண்டு போய்விட்டார்.

அடுத்த நாள் காலை, அவர்கள் வழக்கமாகக் கூடும் பிளாசாக் கடைத்தொகுதித் தேநீர்க் கடைக்கு நானே போனேன். எட்டுப் பேரும் இருந்தார்கள், அப்பாவும் இருந்தார். நீங்கள் அனுப்பும் செய்திகளில் யூதரைப் பற்றிய பொய்யும் வெறுப்பும் இருக்கின்றன, அதைத்தான் ஆராய்கிறேன், பெயர் வராது, விருப்பமில்லாதவர்கள் விலகலாம் என்று சொன்னேன். இரண்டு செய்திகளை உரக்க வாசித்தும் காட்டினேன். தேநீரோடு வந்த ரோல்ஸை ஒருவரும் தொடவில்லை.

"அப்ப எங்களை இனவெறியர் எண்டு எழுதப்போறியோ பிள்ளை?" என்றார் ஒரு அங்கிள்.

"இல்லை அங்கிள், செய்தியைப் பற்றித்தான்…"

"உதுக்கு நான் வரேல்லை."

கதிரைகள் ஒவ்வொன்றாக நகர்ந்தன. பத்து நிமிடத்தில் எட்டுப் பேரும் விலகிவிட்டார்கள். விலகலாம் என்று சொன்னவளே நான்தான், பிறகு ஆத்திரத்தை யார் மேல் கொட்டுவது? விண்ணப்பம் அவ்வளவுதான் என்று கடதாசிகளைப் பைக்குள் திணித்தேன்.

அப்பா எழும்பவில்லை. "நீ வாசிச்சது ரெண்டும் ஆர் அனுப்பினது?"

"நீங்கள்தான்."

ஒரு படிவத்தை என் கையிலிருந்து இழுத்தெடுத்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, முதல் வரியிலிருந்து வாசிக்கத் தொடங்கினார். நாலு பக்கம். வீடு வாங்கிய பத்திரத்தைக்கூட அவர் அப்படி வாசித்ததில்லை. நேரம் போகிறதே என்று எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. அவசரப்படுத்தவும் வாய் வரவில்லை.

"என்ர பேர் ஒரு இடத்திலையும் வராதோ?"

"வராது அப்பா. ஒருத்தருக்கும் தெரியாது."

"உனக்குத் தெரியுமெல்லே."

பேனையைத் தேடிப் பையைத் திறந்தேன். அவரே பேனையை எடுத்துக் கையொப்பமிட்டார்.